சிவப்பு லைட்சேபர், 1,450 ரூபாய்

மகனின் பிறந்தநாளுக்கு 'ஸ்டார் வார்ஸ்' பட வில்லன் டார்த் வேடரின் சிவப்பு லைட்சேபர் (ஒளி வாள்) பொம்மையை ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அச்சு அசலாக இதையே பத்துப் பேர் விற்கிறார்கள்.

பிடி அருமை. இரண்டு கையும் தாராளமாக அடங்குகிறது. கல்லூரியில் இரண்டு வருடம் சேபர் (வாள்வீச்சுப் போட்டியில் ஒற்றைக் கையால் வீசும் வாள்) ஆடியவன் ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? சமையலறைத் தராசில் நிறுத்தேன். பேட்டரியோடு 390 கிராம். போட்டி சேபரே 500 கிராமைத் தாண்டக்கூடாது என்பதுதான் விதி, அதனால் எடை சரி. ஆனால் கனமெல்லாம் பிடியிலேயே கிடக்கிறது, முனையில் உயிரில்லை. பெரிய குறை வேறு: வாள் மூன்று அடுக்காக மடங்குவது. ஓங்கி வெட்டினால் மேலடுக்கு சரக்கென்று உள்ளே போய்விடுகிறது. உறுமல் சத்தமும் வீச்சு முடிந்த பிறகு ஆற அமர வருகிறது.

பையன் முகம் வாடிவிட்டது. சரி, 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தின் கடைசிச் சண்டையைப் பார் என்று போட்டுக் காட்டினேன். அதில் வேடர் உடுப்புக்குள் வாள் வீசுவது பாப் ஆண்டர்சன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக சேபர் ஆடியவர். சினிமாவுக்கு வந்த புதிதில், ஹாலிவுட் நடிகர் எரால் ஃப்ளின்னின் தொடையில் தவறுதலாக வெட்டி, "ஃப்ளின்னைக் குத்தியவன்" என்று பெயர் வாங்கிக்கொண்டவர். வேடராக நடித்த டேவிட் ப்ரௌஸ் ஆறரை அடி. ஆண்டர்சன் ஐந்து அங்குலம் குறைவு. படம் 1980-இல் வந்தது. உள்ளே இருந்தது யார் என்பதை 1983-இல், வேடரை எதிர்த்துச் சண்டையிடும் லூக்காக நடித்த மார்க் ஹாமில்தான் ஒரு பேட்டியில் போட்டு உடைத்தார்.

"குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், அடுத்த படத்தில் முகமூடியைக் கழற்றினால் செபாஸ்டியன் ஷா" என்றேன்.

"அப்போ வேடர் மொத்தம் நாலு பேராப்பா?"

சண்டையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். வேடர் ஒற்றைக் கையால்தான் ஆடுகிறார், பூனை எலியோடு விளையாடுகிற மாதிரி. ஒற்றைக் கை என்றால் அது சேபர்காரன் சொந்த வீடு. பிறகு 'தி பிரின்சஸ் பிரைட்' பட நடிகர்களுக்கு இரண்டு கையிலும் மாறி மாறி வாள் வீசப் பழக்கிய குழுவிலும் ஆண்டர்சன் இருந்தார்.

பையனும் ஒற்றைக் கைக்கு மாறிவிட்டான். மணிக்கட்டு மட்டும் சுழல்வதால் பொம்மை அவ்வளவாக மடங்குவதில்லை. மிச்சத்துக்கு மேலடுக்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். இனி பெட்டிக்குள் போகாது, பீரோ மேலேதான் கிடக்கிறது. ஐந்துக்கு மூன்று ஸ்டார்.