அரனெட் 4: வைரஸ காட்டாது, ஆனா அம்மாவ எங்க உக்கார வைக்கணும்னு சொல்லுது

அம்மாவுக்கு கிட்னி மாத்தி வச்சிருக்கு, எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை ஆயுசுக்கும் போடணும், அதனால காத்துல வைரஸ் இருந்தா சொல்ற மாதிரி சட்டையில மாட்டிக்கிற மெஷின் ஏதாவது கெடைக்குமான்னு ரொம்ப தேடுனேன். அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டில ஃப்ரெஷ் ஏர் கிளிப்னு ஒண்ணு செஞ்சிருக்காங்க. 2022ல வந்த ஆய்வுல 62 பேரு அத மாட்டிக்கிட்டு இருந்ததுல 5 கிளிப்புல கொரோனா சிக்கியிருக்கு, அதுல 4 ரெஸ்டாரண்ட்ல வேலை பாக்குறவங்களோடது. நல்ல விஷயந்தான், ஆனா உள்ள இருக்குற பிலிம லேபுல குடுத்து பிசிஆர் பாத்தாதான் தெரியும், அதுக்குள்ள தொத்த வேண்டியது தொத்திடும்.

அதான் அரனெட் 4 வாங்குனேன். லாட்வியா நாட்டு கம்பெனி, உள்ளங்கைல அடங்குற டப்பா, ரெண்டு ஏஏ பேட்டரி. இது வைரஸ பாக்காது, கார்பன் டை ஆக்சைட அளக்கும். வெளிக்காத்துல 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 420 பங்கு) பக்கம் இருக்கும், நாம விடுற மூச்சுல 40,000 கிட்ட இருக்கும். ரூமுக்குள்ள 1,200 காட்டுச்சுன்னா நீங்க இழுக்குற காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு அடுத்தவங்க விட்ட மூச்சுன்னு அர்த்தம், வைரஸும் அந்த மூச்சோடதான் வரும். இத புரிஞ்சிக்கிட்டா போதும், மீதி தானா வெளங்கிடும்.

கும்பகோணத்துலேர்ந்து தஞ்சாவூர் போற டவுன் பஸ்ல நிக்க எடமில்லாத கூட்டம், ஆனா ஜன்னலெல்லாம் தொறந்து கெடந்ததால 600ஐ தாண்டல. கதவ சாத்துன ஏசி கல்யாண மண்டபத்துல பந்திக்கு முன்னாடியே 2,000 போயிடுச்சு, அம்மாவ உடனே வாசல் பக்கம் கூட்டியாந்துட்டேன். டாக்டர் கிளினிக் வெயிட்டிங் ரூம்லயும் நம்பர் ரொம்ப ஏறுனா மெஷின் காட்டுற செவப்புதான், நர்ஸ் அக்காட்ட காட்டி ஜன்னல தொறக்க சொன்னேன், கொஞ்ச நேரத்துலயே எறங்குச்சு. எங்க பெரியம்மா வீட்டு முத்தத்துல கருமாதிக்கு அவ்ளோ சொந்தக்காரங்க கூடியும் வெளிக்காத்து அளவுதான் காட்டுச்சு. பழைய வீட்ட இடிச்சு முத்தத்த மூடுறவங்க இத ஒரு தடவ பாக்கணும்.

கொறையும் இருக்கு. வெல ரொம்ப கூட. ஸ்கிரீன்ல லைட் கெடையாது, ராத்திரில படிக்க செல்போன் ஆப்தான் பாக்கணும். கேஸ் அடுப்பு எரிஞ்சா நம்பர் ஏறும், அத வச்சு பயப்படக்கூடாது. அறுப்பு முடிஞ்சு வைக்கோல் கொளுத்துற பொக இதுல தெரியாது. காத்த வடிகட்டுற ஹெப்பா ஃபில்டர் ஓடுற ரூம்ல வைரஸ் கொறஞ்சாலும் நம்பர் கொறையாது. யாருக்கு சளி இருக்குன்னும் இது சொல்லாது, அதனால நம்பர் நல்லாருக்குன்னு அம்மாவோட மாஸ்க்க நான் கழட்ட விடுறதில்ல.

ஆன்லைன்ல மலிவா கெடைக்குற மீட்டர் வாங்குறதா இருந்தா என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளிய வச்சு கார்பன் டை ஆக்சைட நேரா அளக்குறது) சென்சாரான்னு பாத்து வாங்குங்க. பக்கத்துல கையில சானிடைசர் தேச்சா நம்பர் சட்டுனு எகிறுதுன்னா அது கார்பன் டை ஆக்சைட அளக்கல, திருப்பி அனுப்பிடுங்க.