ஆரஞ்சுப் பேனாவுக்கு எந்த இங்க்? என் ஓட்டு சாதா நீலத்துக்கு

கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு பேனா வாங்கினேன். திருவள்ளூர் ரங்கா பேனாப் பட்டறையில் கடைசல் பிடித்துச் செய்தது. அக்ரிலிக் உடம்பு. நிறம் ஆரஞ்சு. அடக்கமான ஆரஞ்சு இல்லை. ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடந்தால் வராண்டாவில் போகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போகும் ஆரஞ்சு. கறுப்புப் பேனா என்றால் எந்த மையை வேண்டுமானாலும் ஊற்றிவிட்டுப் போகலாம். இதற்கு அப்படி முடியவில்லை. மூடியைத் திறந்து எழுதும்போது பேனாவும் எழுத்தும் ஒரே பார்வையில் விழுகின்றன. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

போட்டியில் ஐந்து இங்க். பேனாவின் நிறத்திலேயே ஆரஞ்சு, டர்க்காய்ஸ், வயலட், ப்ளூ பிளாக், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலங்காலமாக ஊற்றும் ராயல் ப்ளூ. நான் ராயல் ப்ளூ பக்கம். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் பேனாவையும் பார்த்தார், நான் கேட்ட பாட்டிலையும் பார்த்தார். "என்ன சார், இம்புட்டுக் கலரா பேனாவ வச்சுக்கிட்டு ஆறாங்கிளாஸ் பிள்ளைக கேக்குற இங்க்கக் கேக்குறீங்க?" என்றார். அவருக்கு நின்றபடி சொல்ல முடியாத பதில்தான் இது.

முதலில் தள்ளிவிட வேண்டியவற்றைத் தள்ளிவிடுவோம். சிவப்பு, விடைத்தாள் திருத்த. பச்சை என்றாலே நம் ஊரில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து நினைவுக்கு வரும்; வாத்தியார் அதில் வருகைப்பதிவு போட்டால் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்புவார். கறுப்பு எல்லாவற்றோடும் போகும், அதனாலேயே அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. "நீலம் அல்லது கருப்பு மையினை மட்டுமே" என்று பொதுத்தேர்வு வினாத்தாளில் அச்சடித்திருக்கிறார்களே, அதைப் படித்துப் படித்து வளர்ந்த நமக்கு மற்ற நிறமெல்லாம் கொஞ்சம் திருட்டுத்தனம் போலவே தோன்றும். அந்த ஆசையில்தான் பாதிப் பேர் கலர் இங்க் வாங்குகிறார்கள். தப்பில்லை.

அழகு என்று பார்த்தால் இரண்டு கட்சி. பேனாவும் மையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எதிர் நிறம்தான் எடுப்பு என்பது இன்னொன்று. சுங்குடிச் சேலை எடுக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தரிப்பூ உடம்புக்கு மஞ்சள் பார்டர் வைத்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும். நிறச் சக்கரத்தில் ஊதாவுக்கு நேர் எதிரே இருப்பது மஞ்சள். அதே சக்கரத்தில் ஆரஞ்சுக்கு எதிரே நீலம். ஆக, கடைக்காரர் சாதா என்று நினைத்த நீலம்தான் என் பேனாவுக்கு எதிர் நிறம்.

ஒரே நிறக் கட்சிக்கு ஒரு சிக்கல் உண்டு. பேனாவின் ஆரஞ்சு வேறு, இங்க்கின் ஆரஞ்சு வேறு. பேனா கெட்டியான நிறம். வெளிச்சம் அதன் மேல் பட்டுத் திரும்புகிறது. இங்க் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம். அடியில் இருக்கும் வெள்ளைத் தாள்தான் அதை ஒளிர வைக்கிறது. எவ்வளவு தேடினாலும் கிட்டத்தட்ட ஒத்து வருமே தவிர, அச்சாக வராது. கிட்டத்தட்ட ஒத்துப்போவது, ஒத்துப்போகாததைவிடக் கண்ணை உறுத்தும். படிக்கவும் சிரமம். பகலில் ஜன்னலோரம் அழகாக இருக்கும் வரி, ராத்திரி டியூப்லைட்டில் வெளிறிவிடுகிறது. ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். இன்னொன்றும் உண்டு. பல ஆரஞ்சு இங்க்குகள் நிப்பின் மேலேயே பொருக்கு கட்டும். ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால், நிப்பின் பிளவை ஒட்டி இருபுறமும் சின்னச் சின்னப் படிகம், சிவந்த உப்பு போல. துடைத்தால் போய்விடும், மறுநாள் திரும்ப வரும். தலைப்பு எழுத, அடிக்கோடு போட வைத்துக்கொள்ளலாம்.

டர்க்காய்ஸ்தான் உண்மையான போட்டியாளர். ஆரஞ்சு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பச்சை கலந்த நீலத்தில் நாலு வரி எழுதிப் பாருங்கள், மனசு அங்கேயே நின்றுவிடும். பொதுவாக இந்த இங்க்குகளில் இருப்பது தாமிரம் சேர்ந்த தாலோசயனின் வகைச் சாயம். வெயிலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அழகை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் இதற்குத்தான் சொல்லியிருப்பேன். இது தோற்ற இடம் வேறு, கீழே வருகிறது.

வயலட் மஞ்சள் பேனாவுக்குப் பொருந்தும், ஆரஞ்சுக்கு அவ்வளவு இல்லை. ஊதா, ரோஸ் வகைச் சாயங்களில் பல பிளாஸ்டிக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் குணம் உள்ளவை. விட்டுவிடலாம்.

ப்ளூ பிளாக் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று வெறும் சாயம். இன்னொன்று அந்தக் காலத்து முறையில் இரும்பு உப்பும் கடுக்காய் வகைத் துவர்ப்பும் சேர்ந்தது. எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பெலிகன் 4001 ப்ளூ பிளாக் இந்த இரண்டாம் வகை. தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். ரிஜிஸ்டருக்கு இதைவிட நல்ல இங்க் கிடையாது. ஆனால் பேனாவுக்குள் காய்ந்து கறுத்துவிட்டால் வெறும் தண்ணீரில் கரையாது. அதனால் இதை ஒரு கறுப்புப் பேனாவில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கலர் பேனாவுக்கு இங்க் பார்க்கும்போது தாளில் எப்படித் தெரிகிறது என்பதைவிட, கழுவினால் எவ்வளவு போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கறுப்புப் பேனாவில் கறை இருந்தாலும் தெரியாது. ஆரஞ்சில் எல்லாம் தெரியும். விரல் பிடிக்கும் கழுத்தின் விளிம்பு, மூடியின் உள்பக்கம், மரை ஓடும் பள்ளங்கள், மூன்றிலும் மை தங்கும். அங்கே ஒரு தடவை சாயம் ஏறிவிட்டால் பேனாவின் கழுத்தில் அழுக்கு வளையம் போட்ட மாதிரி நிரந்தரமாக நின்றுவிடும். வெளிர் நிறப் பேனாக்களில் இது இன்னும் மோசம். இவ்வளவு பளிச்சென்ற பேனாவை வாங்குவதே அந்தப் பளிச்சுக்காகத்தான். அதைக் கெடுக்கும் இங்க் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன?

இதில் நம் ஊர் விவகாரம் வேறு சேர்ந்துகொள்கிறது. மே மாதம் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஸ்கூல் லீவில் பேனா மேசை டிராயருக்குள் கிடக்கும். மையில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, சாயம் மட்டும் கெட்டியாகி நிப்புக்கு அடியில் வரிவரியாக இருக்கும் ஃபீடில் அடைந்துவிடும். ஜூனில் திறந்தால் எழுதாது. அப்புறம் தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான் அதிகம். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பு, பேனாவுக்குள்ளும் படியத்தான் செய்யும். கழுவுவதற்கு அதிகத் தண்ணீர் கேட்கும் இங்க், அதிக உப்பையும் உள்ளே கொண்டுபோகும். கடைசி அலசல் கேன் தண்ணீரில் என்று வைத்துக்கொண்டேன். வீட்டில், குடிக்கிற தண்ணீரில் பேனா குளிக்கிறதா என்று கேட்டாயிற்று.

கழுவும்போது நடப்பதைச் சொல்கிறேன். ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர். நிப்பை முக்கி, கன்வர்ட்டரின் (பேனாவுக்குள் மையை இழுத்து வைத்துக்கொள்ளும் சின்னக் குழாய்) குமிழைத் திருகித் தண்ணீரை இழுத்து, மறுபடி வெளியே தள்ளுகிறேன். ராயல் ப்ளூ என்றால் முதலில் கெட்டி நீலம், அடுத்து வெளிறிய நீலம், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தண்ணீராகவே வரும். நிப்பை மடித்த பழைய வேட்டித் துணியில் நிறுத்தி வைத்தால் லேசாக ஒரு நீலப் பொட்டு, அவ்வளவுதான். டர்க்காய்ஸில் டம்ளர் தெளிந்த பிறகும் துணி சும்மா இருக்காது. நிறுத்தி வைத்த சிறிது நேரத்தில் பச்சை கலந்த நீல வட்டம் ஒன்று விரியும். மறுபடி கழுவு, மறுபடி வட்டம். ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும் காலையில் தண்ணீரில் மெல்லிய சாயம் மிதக்கும். அடுத்து ஊற்றும் இங்க்கின் முதல் பக்கத்தில் அதன் சாயல் வரும். இந்தச் சாயத்தின் குணமே அப்படி. குறிப்பிட்ட கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ராயல் ப்ளூ மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகப் போகிறது? இதில் இருக்கும் நீலச் சாயம் காரத்தை (அல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) கண்டால் நிறத்தை இழந்துவிடும். ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் ராயல் ப்ளூவில் எழுதி, தப்பு வந்தால் அழிக்க என்றே ஒரு பேனா வைத்திருப்பார்கள். அது சாயத்தைத் தாளிலிருந்து எடுப்பதில்லை. சாயம் அங்கேயே இருக்கும், நிறம் மட்டும் போய்விடும். அதோடு, இந்தச் சாயம் தண்ணீரில் சுலபமாகக் கரையும். தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பேனாவை ஊறப்போட்டு, பிறகு நன்றாக அலசினால் கழுத்திலும் மூடியிலும் நீலத்தின் சுவடு இல்லை. வெந்நீர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்குக்கு ஆகாது. வெள்ளைச் சட்டைப் பையில் இங்க் கொட்டிக்கொண்டு போன தலைமுறைக்கு, துவைத்தால் எந்த நீலம் போகும், எது போகாது என்று அம்மாமார்கள் அடையாளம் சொல்வார்கள். பேனாவுக்கும் அதே அடையாளம்தான்.

ஆனால் ராயல் ப்ளூ என்று போட்டதெல்லாம் இப்படி இல்லை. பாட்டிலில் 'வாஷபிள்' என்று இருக்கிறதா பாருங்கள். பெலிகன் 4001 ராயல் ப்ளூ, வாட்டர்மேன் செரினிட்டி ப்ளூ இரண்டும் பேனாவுக்குத் தொந்தரவு கொடுக்காதவை என்று பெயர் வாங்கியவை. கேமல் ராயல் ப்ளூ எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. என் பேனாவில் ஒழுங்காகவே கழுவப்படுகிறது. வருடக்கணக்கில் ஊற்றிப் பார்த்து நான் சொல்லவில்லை. ஒரு கோடையும் ஒரு பருவமும்தான் என் அனுபவம்.

இதன் குறையை மறைக்கப் போவதில்லை. கழுவினால் போகும் இங்க், மழை பட்டாலும் போகும். ஐப்பசி அடைமழையில் பை நனைந்தால் நோட்டில் பாதி வரி கரைந்திருக்கும். ஜன்னலோரம் திறந்து வைத்த பக்கம் வெயிலில் வெளிறும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாத ஒன்று, செக்கில் இந்த இங்க்கால் எழுதுவது. நிறத்தை ஒரு பேனா வைத்து அழித்துவிடலாம் என்று இப்போதுதான் சொன்னேன். தொகையையும் அப்படி அழிக்கலாம். செக், பத்திரம், வருகைப்பதிவு எல்லாவற்றுக்கும் ப்ளூ பிளாக் போட்ட கறுப்புப் பேனா, இல்லையென்றால் பால் பாயிண்ட். பாடக்குறிப்பு, டைரி, கடிதத்துக்குத்தான் ஆரஞ்சு.

பேனாவின் உடம்பிலேயே நேரடியாக இங்க் ஊற்றுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. உள்ளே தெரிகிற மாதிரியான கலர் பேனாவில் ஊற்றினால் இங்க்கின் நிறம் பேனாவின் நிறத்தையே மாற்றும். மஞ்சளுக்குள் நீலம் போனால் பேனா பச்சையாகத் தெரியும். ஆரஞ்சுக்குள் நீலம் போனால் பழுப்பாக, அழுக்காக. அங்கே மட்டும் ஒரே நிறக் கட்சிக்கு நியாயம் இருக்கிறது. வெயில் காலத்தில் இந்த முறைக்கு வேறு தொல்லையும் உண்டு. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து நிப்பில் ஒரு சொட்டைத் தள்ளும், எழுதுகிற வரியின் மேலேயே. என் பேனாவில் இரண்டு வழியும் உண்டு. நான் கன்வர்ட்டரோடு நிறுத்திக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கிறது.

மஞ்சள், சிவப்புப் பேனாவுக்கும் ராயல் ப்ளூவையே சொல்வேன். பச்சைப் பேனாவுக்கு எதிர் நிறம் சிவப்பு. திருத்துகிற வாத்தியாருக்கு ரொம்பப் பொருத்தம், மற்றவர்களுக்கு ஒரு பழுப்பு இங்க் பார்க்கலாம். ரோஸ் பேனா என் கைக்கு வந்ததில்லை. டர்க்காய்ஸை விடவே மனசில்லை என்றால் அதற்கென்று மலிவாக ஒரு பேனா ஒதுக்கிவிடுங்கள். இங்க்கை மாற்றவே போவதில்லை என்றால் கழுவுகிற கவலையும் பாதி போய்விடும்; லீவு விடும் அன்று மட்டும் காலி செய்து, அலசி, மூடியைத் திறந்து காயவைத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.