பாளையங்கோட்டை விளையாட்டுப் பள்ளி: மூன்று மாத அனுபவம்

மகளுக்கு மூணேகால் வயது. முன்பு சேர்த்த இடத்தில் நாலு கோட்டு நோட்டில் எழுத வைத்தே அழவிட்டார்கள், காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே ஆச்சி முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். அதனால்தான் ஜூனில் இங்கே மாற்றினோம்.

இங்கே நோட்டே கிடையாது. ஒரு மூலையில் அம்பாசமுத்திரம் மரச் சொப்பு, இன்னொரு பக்கம் மணல், தண்ணீர்த் தொட்டி. ஒருநாள் கூப்பிடப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: சொப்புப் பானையில் புளியமுத்துச் சோறு பொங்கி, நாலு பேருக்கு மூணு மூணாக எண்ணி வைக்கிறாள், கடைசிப் பையனுக்கு ரெண்டுதான் வந்தது, தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள், அப்புறம் தனக்குக் குறைகிறதே என்று திகைத்து நின்றாள். மிஸ் பக்கத்திலேயே இருந்தும் வாயைத் திறக்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் எத்தனை வேணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முத்தைப் பொறுக்குகிற விரல்தானே நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிறது!

ரெண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முத்து தருவதில்லை, வாயில் போட்டுவிடும் என்று பெரிய மரக்கட்டைகள்தான்.

"எழுத்து எப்போ?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு: 2022-இல் வந்த தேசியக் கலைத்திட்டமே 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகக் கற்பதைத்தான் சொல்கிறது. பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-லேயே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

ஒரே குறை, மணலுக்கு மேலே கூரை இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு 11 மணிக்கே பிள்ளைகளை உள்ளே அழைத்துவிடுகிறார்கள். சொன்னேன், ஓலைப் பந்தல் போடுகிறார்களாம்.