தொடங்கி முடிக்காத மேசைக் கணினி: நெடுநாள் பயன்பாட்டில் கைகொடுத்தவையும் கைவிட்டவையும்

மேசைக் கணினி தொடங்கும் வழியில் பாதியிலேயே நின்றுவிட்டால், அது எந்த இடத்தில் நின்றது என்பதே நமக்குக் கிடைக்கும் முதல் தடயம். பெரும்பாலான நேரங்களில் அதைவிடச் சிறந்த தடயம் வேறு கிடைப்பதும் இல்லை. ஆனால் அந்தத் தடயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஃபார்மட் செய்துவிடலாம் என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்திய ஒரு கணினியை, இடையிடையே ரேமையும் டிஸ்க்கையும் மாற்றிக்கொண்டு, விண்டோஸையும் லினக்ஸையும் அதில் அருகருகே நிறுவி, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொடங்கும் வழியின் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் அது எப்போதாவது நின்றிருக்கிறது. அப்போதெல்லாம் எது உண்மையில் உதவியது, எது நேரத்தை மட்டும் விழுங்கியது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பவர் பொத்தானை அழுத்தியது முதல் நுழைவுத் திரை வரும் வரை பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது. முதலில் பவர் சப்ளை தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்திக்கொண்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்ப வேண்டும். மேசைக் கணினிகளின் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் விதிமுறைப்படி இது 100 முதல் 500 மில்லிவினாடிக்குள் நடக்கிறது. அந்தச் சமிக்ஞை வந்த பிறகே செயலி இயங்கத் தொடங்கி, மதர்போர்டின் சிப்பில் உள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருளைப் படிக்கிறது. பயாஸ் ரேமைத் தயார்செய்து, கிராபிக்ஸ் கார்டை எழுப்பி, டிஸ்க்குகளையும் யூஎஸ்பி சாதனங்களையும் கணக்கெடுத்து, டிஸ்க்கில் உள்ள பூட் லோடர் என்ற சிறு நிரலிடம் வேலையை ஒப்படைக்கிறது. பூட் லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல், சாதனங்களை இயக்கும் டிரைவர்களை ஏற்றுகிறது. ஆகவே, திரையில் எதுவுமே வராத கணினியில் விண்டோஸைக் குறைசொல்லப் பெரும்பாலும் இடமில்லை. மதர்போர்டு நிறுவனத்தின் லோகோவிலேயே உறைந்துவிட்டால் பயாஸ் கட்டத்தையும் அதில் செருகியுள்ள சாதனங்களையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வந்த பிறகு நின்றால் டிஸ்க், டிரைவர், விண்டோஸ் கோப்புகள் ஆகியவற்றின் மீதே முதல் சந்தேகம் விழ வேண்டும்.

இத்தனை காலத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது மதர்போர்டின் ஓரத்தில் உள்ள நான்கு சின்னஞ்சிறு விளக்குகள்தான். சிபியு (செயலி), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (தொடங்கும் டிஸ்க்) என்று பக்கத்தில் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். கணினி நலமாக இருக்கும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எங்காவது நின்றுவிட்டால், நின்ற கட்டத்தின் விளக்கு மட்டும் அணையாமல் எரியும். பழைய மதர்போர்டுகளில் சிறிய ஸ்பீக்கரின் பீப் ஒலி இதே வேலையைச் செய்தது; ஆனால் ஒலியின் பொருள் பயாஸ் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், கையேடு இல்லாமல் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மதர்போர்டு வாங்கும்போது வண்ண விளக்குகளைப் பார்க்கிறவர்கள் இந்த நான்கு விளக்குகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. நான் இனி இவை இல்லாத மதர்போர்டை வாங்கமாட்டேன்.

கேபினட்டை வேறு அறைக்கு மாற்றிய பிறகு ஒருமுறை டிராம் விளக்கு அணையவே இல்லை. விசிறிகள் சுற்றின, கீபோர்டு ஒளிர்ந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மின்கம்பியைக் கழற்றி, மிச்ச மின்னேற்றம் வடியும்படி பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்த பின், இரண்டு ரேம்களையும் வெளியே எடுத்தேன். அவற்றில் ஒன்றின் பொன்னிறத் தொடுமுனைகள் மேல் மங்கலான படலம் படிந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்மையான துணியால் அதைத் துடைத்து, உலரவிட்டு, செயலியிலிருந்து இரண்டாவதாக உள்ள ஸ்லாட்டில் அந்த ஒரு ரேமை மட்டும் செருகினேன். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளின் கையேடுகள் ஒற்றை ரேமுக்கு அந்த ஸ்லாட்டையே பரிந்துரைக்கின்றன. பக்கத் தாழ் சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும்வரை இரு முனைகளையும் அழுத்த வேண்டும். ஒரு முனை சற்றே தூக்கலாக இருந்தாலும் இதே கறுப்புத் திரைதான் வரும். இந்த முறை விளக்கு அணைந்தது, லோகோ வந்தது. அதன்பின் அடுத்த ரேமைச் சேர்த்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கு இல்லாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றி மாட்டினால், கணினி சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

ரேமைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். டிடிஆர்5 வகை ரேமைப் புதிதாகப் பொருத்தும்போதும், பயாஸ் அமைப்புகள் அழிந்த பிறகும், மதர்போர்டு அந்த ரேமுக்கேற்ற நேர அளவுகளைக் கண்டறியச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும்; அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பழுது என்று எண்ணி இடையில் அணைத்தால் அந்த வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அடுத்தது எக்ஸ்எம்பி. விளம்பரப்படுத்தப்பட்ட வேகத்தில் ரேமை ஓட்டும் இந்த அமைப்பு நெடுங்காலம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று தடுமாறலாம். ரேம் மீது சந்தேகம் வந்தால் முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கருவியை யூஎஸ்பியிலிருந்து இயக்கி இரவு முழுவதும் ஓடவிடுவது என் வழக்கம். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த நிலையில் கணினியை நம்ப முடியாது.

கண்டுபிடிக்க எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது பவர் சப்ளையின் முதுமை. கணினி குளிர்ந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், உடனே அணையும். மீண்டும் மீண்டும் அழுத்தினால் ஒருவழியாகத் தொடங்கி, அதன்பின் நாள் முழுவதும் ஒரு குறையுமின்றி ஓடும். பவர் சப்ளைக்குள் உள்ள மின்பகு மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்கின்றன. அவற்றின் உள்மின்தடை கூடுகிறது. குளிரில் அது இன்னும் அதிகம். சற்றுச் சூடேறிய பிறகு நிலைமை மேம்படுவதால் நோய் மறைந்துகொள்கிறது. 12 வோல்ட் தடம் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது அளவு சரியாகவே இருந்தது. கணநேரச் சரிவையும் சிற்றலையையும் சாதாரண மல்ட்டிமீட்டர் காட்டாது. நலமாக உள்ள வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டியபோதுதான் விடை கிடைத்தது. இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. மின்கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளையானால், பழையதன் கேபிள்களைப் புதியதில் பயன்படுத்தக் கூடாது; செருகி பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், டிஸ்க்குகள் எரிந்துபோகும்.

சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீரும்போது காட்டும் அறிகுறி இதைவிடத் தெளிவானது: கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். கூடவே பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புவதுதான் வினை. டிஸ்க் மதர்போர்டோடு பேசும் விதத்தைத் தீர்மானிக்கும் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்று மாறிவிட்டால், விண்டோஸ் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரையோடு நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். அந்த அமைப்பைப் பழையபடி வைத்தால் எல்லாம் வந்துவிடும். இதனால் என் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். டிஸ்க்கை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் பயாஸைத் தொடும் முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சாவி இல்லையென்றால் தரவு இல்லை.

விண்டோஸ் தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால் தானாகவே பழுதுநீக்கும் திரைக்கு வரும். அங்கே உள்ள தானியங்கிப் பழுதுநீக்கம் எனக்கு அரிதாகவே பயன்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரித்துவிடும். ஆனால் அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடு, முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர், கடைசி அப்டேட்டை நீக்குதல், கமாண்ட் பிராம்ப்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தத் திரையே வாசல் என்பதால் அதை மதிக்கிறேன். சேஃப் மோடில் கணினி முழுமையாகத் தொடங்கிவிட்டால், வன்பொருளைவிட டிரைவரோ சேவையோதான் தடை என்று பெரும்பாலும் கொள்ளலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தபோது நடந்தது இதுதான். தொடக்கத்திலேயே ஏறும் ஒரு டிரைவர் பழுதான கோப்பைப் படித்து ஒவ்வொரு முறையும் கணினியைச் சாய்த்தது. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கியதும் கணினிகள் எழுந்தன. பிட்லாக்கர் சாவி கையில் இல்லாத இடங்களில் அந்த எளிய வேலையும் தடைப்பட்டது.

விண்டோஸ் 8 காலத்தில், 2012-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நான் நிரந்தரமாக அணைத்துவிட்டேன். அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலின் நிலை டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அதிலிருந்தே தொடர்கிறது. ரீஸ்டார்ட்தான் முழுத் தொடக்கம். காலையில் நின்றுவிடும் கணினி ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் ஒழுங்காக வருகிறது என்றால் இந்த வசதியைச் சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. எஸ்எஸ்டி இருக்கும்போது இதனால் மிச்சமாகும் வினாடிகள் இந்தக் குழப்பத்துக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

லினக்ஸ் இந்த விஷயத்தில் இன்னும் வெளிப்படையானது. தொடக்க அளபுருக்களில் உள்ள ‘குவையட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரு சொற்களை நீக்கிவிட்டால், எந்த வரியில் நிற்கிறது என்பதைத் திரையே சொல்லிவிடும். கழற்றிவிட்ட ஒரு டிஸ்க்கின் பெயர் தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் மிஞ்சியிருந்ததால், என் கணினி 90 வினாடிகள் அதற்காகக் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போனது. அந்த வரியை நீக்கியதும் சரியாகிவிட்டது. எப்போதும் செருக வேண்டியிராத டிஸ்க்குக்கு அது இல்லாவிட்டாலும் மேலே போ என்று சொல்லும் ‘நோஃபெயில்’ என்பதை அந்தக் கோப்பில் சேர்த்துவிட்டால் போதும். யூஎஸ்பியிலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸ் ஒன்று, விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் அவசியம். தொடங்க மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை நகலெடுக்கவும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் படிக்கவும் அதுவே எளிய வழி. ஹார்டு டிஸ்க்கின் பதிவில், பழுதான பகுதிகளைக் குறிக்கும் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால், வேறெதையும் செய்யும் முன் தரவை வெளியே எடுக்க வேண்டும். தரவு கடத்தும்போது நேரும் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைவிட சாட்டா கேபிளையே முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலையில் ஒரே ஒரு குறை மீதமிருக்கிறது. பழைய கார்டு ரீடர் ஒன்றைப் பின்பக்க யூஎஸ்பியில் செருகி வைத்தால், பயாஸ் சாதனங்களைக் கணக்கெடுக்கும் இடத்திலேயே கணினி நின்றுவிடுகிறது. பூட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ரீடரைப் பிடுங்கியதும் உடனே மேலே நகரும். பயாஸை அப்டேட் செய்தும், பூட் வரிசையிலிருந்து யூஎஸ்பியை நீக்கியும் இது மாறவில்லை. இப்போது அந்த ரீடரைத் தேவைப்படும்போது மட்டும், கணினி முழுமையாகத் தொடங்கிய பிறகு செருகிக்கொள்கிறேன்.