கட்டி முடித்த வீடா, குழாயும் சாக்கடையும் வந்த மனையா?

அரசு வீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் எங்கள் பெயர் வந்தபோது இரண்டு வாய்ப்புகள் கொடுத்தார்கள். நான்காவது மாடியில் கட்டி முடித்த வீடு ஒன்று. இன்னொன்று, சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, மின்கம்பம் எல்லாம் வந்து, அடித்தளமும் ஒரு கழிப்பறையும் மட்டும் கட்டிய சிறு மனை. அக்கா குடும்பம் மாடி வீட்டை எடுத்தது. நாங்கள் மனையை எடுத்தோம். ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று கேட்டாலும் மனையைத்தான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் சாவி வாங்கிய அன்றே குடியேறலாம். மனையில் சுவர் எழும்பும்வரை வாடகையும் கொடுக்க வேண்டும், செங்கலுக்கும் பணம் புரட்ட வேண்டும். நிலம் கிடைக்காத பெருநகரத்தில் அரசுக்கு மாடிவீடுதான் கட்டுப்படியாகும்.

ஒப்படைக்கும் நாளில் யாரும் பேசாதது பராமரிப்பு. அக்கா வளாகத்தில், தரைத் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இரண்டாம் ஆண்டுக் கோடையில் எரிந்துபோனது. மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள் (காயில்) கட்டப் பணம் திரட்டினார்கள். முப்பத்திரண்டு வீடுகளில் பத்தொன்பதுதான் கொடுத்தன. சில வீடுகள் பூட்டியிருந்தன. தரைத்தளத்தில் இருந்தவர்கள், தங்களுக்குக் கீழேயே தண்ணீர் கிடைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தினக்கூலிக்குப் போகும் வீடுகளில் அந்த வாரம் கையில் காசில்லை. ஒன்பது நாட்கள் அக்கா குடத்தை இடுப்பில் வைத்து நான்கு மாடி ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அதே மாதம் எங்கள் வீட்டுக் குழாயும் இணைப்பில் ஒழுகியது. வால்வை அடைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. எனக்குக் கைராசி என்று இதைச் சொல்லவில்லை. எங்கள் குழாயைச் சரிசெய்ய ஒரே குடும்பம் முடிவெடுத்தால் போதும். அங்கே முப்பத்திரண்டு குடும்பங்கள் ஒத்துவர வேண்டும்.

இதே பிரச்சினை பெரிய அளவில் ஒரு குடியிருப்பையே விழுங்கியிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூட்-ஐகோ என்ற பொதுக் குடியிருப்பு 1950களில் கட்டப்பட்டது. பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். குடியிருப்போரின் வாடகையிலிருந்தே பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்கள் வெளியேற வாடகை குறைந்தது. வாடகை குறையப் பழுதுகள் அப்படியே கிடந்தன. பழுதைப் பார்த்து இன்னும் பலர் வெளியேறினார்கள். 1972இல் அரசே இடிக்கத் தொடங்கியது.

அப்படியானால் மாடிவீடே தோல்வியா என்றால், இல்லை. சிங்கப்பூரில் 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான் பெரும்பாலான மக்கள் வாழ்கிறார்கள். அங்கே நகர மன்றங்கள் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்குகின்றன. அதில் ஒரு பகுதியைக் கூரை, வண்ணப்பூச்சு போன்ற பெரிய வேலைகளுக்காகத் தனி நிதியாக ஒதுக்கியாக வேண்டும் என்பது சட்டம். மின்தூக்கி மாற்றுவதற்கென்றே 2017இல் இன்னொரு நிதியும் வந்தது. மோட்டார் எரிந்த பிறகு கதவு தட்டும் நிலை அங்கே இல்லாததற்கு இதுதான் காரணம். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே பழுதுக்கும் வழி செய்யாத அரசு, பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது என்பேன்.

மனைக்கும் நிபந்தனை உண்டு. சாக்கடையும் சாலையும் ஆட்கள் வருவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். உலக வங்கிக் கடனுதவியில் தான்சானியாவின் ஏழு நகரங்களில் 1970களிலும் 80களிலும் இந்த முறையைச் செய்தார்கள். சில இடங்களில் வெற்று நிலத்தில் முதலில் வசதிகளைப் போட்டு மனை பிரித்தார்கள். வேறு சில இடங்களில் ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டிய குடியிருப்புகளுக்குள் பிறகு வசதிகளை நுழைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பார்த்தபோது முதல் வகை இடங்களில்தான் நல்ல வீடுகள் வளர்ந்திருந்தன. சுவரை ஏழையும் சிறுகச் சிறுக எழுப்பிவிடுவான். தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் பதிக்க அவனால் ஆகாது. அரசின் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் 2004இல் 93 குடும்பங்களுக்குப் பாதி வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். நிலம், வசதிகள், கட்டுமானம் எல்லாம் அதற்குள். சமையலறை, குளியலறை, மாடிப்படி போன்ற கடினமான பகுதிகளைக் கட்டிவிட்டு, மீதி இடத்தைக் குடும்பங்கள் நிரப்பிக்கொள்ள விட்டார்கள். எங்கள் மனையோடு ஒரு தண்ணீர்க் குழாயாவது பொருத்திய சமையலறை வந்திருந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்!

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. நான் வீட்டை விற்றதில்லை. மறுவிற்பனையில் எது லாபம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. முதலில் தகரக் கூரை, மூன்றாம் ஆண்டில் கான்கிரீட் என்று கொத்தனாரை நம்பிக் கட்டிய வீடு இது. பொறியாளர் யாரும் பார்த்ததில்லை. முப்பதாம் ஆண்டில் எப்படி நிற்கும் என்ற கவலை எனக்கு உண்டு. மாடிக்காக விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்ட் பால் பூசி வைத்திருக்கிறேன்.

வயதானவர்கள், கட்டுமானத்தைக் கூட இருந்து பார்க்க முடியாதவர்கள், இரண்டு ஆண்டுகள் வாடகை தாங்காதவர்கள் மாடி வீட்டையே எடுக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மாதக் கட்டணம் எவ்வளவு, யார் வசூலிக்கிறார்கள், மோட்டாருக்கும் மின்தூக்கிக்கும் தனிக் கணக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள். அக்கா வளாகத்தில் சென்ற ஆண்டு அப்படி ஒரு கணக்கைத் தொடங்கினார்கள். இந்தக் கோடையிலும் மோட்டார் நின்றது. மறுநாள் மாலையே தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது.