வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, வருஷத்துக்கு ஒரு டிரிப்ஸ்: அத்தைக்கு எதைத் தேர்ந்தெடுத்தோம்

எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறிகிற எலும்புப்புரைக்காகப் போன மாதம் அத்தைக்கு இரண்டாவது டிரிப்ஸ் ஏற்றி முடித்தோம். அதற்குப் பிறகு கோயிலில் பார்க்கிற பெண்களில் மூன்று பேராவது "மாத்திரை நல்லதா, ஊசி நல்லதா?" என்று கேட்டுவிட்டார்கள். அவரவர் வீட்டிலும் யாருக்காவது மணிக்கட்டோ முதுகெலும்போ உடைந்திருக்கிறது. வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் டாக்டரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஆய்வுகளைத் தேடிப் படித்து, ஒரு முடிவு எடுத்த மருமகள், அவ்வளவுதான்.

அத்தைக்கு 74 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர். மழை வருகிறதே என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவர், பின்வாசல் படியில் வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தார். இரண்டே படிதான். இடுப்பில் தொடையெலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட எண், மைனஸ் 3.1 வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தாலே எலும்புப்புரைதான். "வெள்ளைக்காரப் பாட்டிகளுக்கு வருகிற நோய்" என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்கிறார்கள். அடுத்த 10 வருஷத்தில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் ஃப்ராக்ஸ் கணக்கில் தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளியினருக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. டாக்டர் அதைக் காட்டியதும்தான் மாமாவே நம்பினார்.

கால்சியம், வைட்டமின் டி, நடை, படியில் கைப்பிடி, வழுக்காத செருப்பு எல்லாம் எந்த மருந்து எடுத்தாலும் வேண்டும். அதற்குள் நான் போகவில்லை.

எந்த மருந்துக்குப் பலன் அதிகம் என்ற கேள்வியையும் சீக்கிரம் முடித்துவிடலாம். வார மாத்திரை என்பது அலென்ட்ரோனேட். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களிடம் நடந்து 1996-இல் வெளிவந்த ஆய்வில், புதிய முதுகெலும்பு முறிவும் இடுப்பு முறிவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. வருஷ டிரிப்ஸ் என்பது சோலெட்ரோனிக் அமிலம். 2007-இல் வந்த மூன்று வருஷ ஆய்வில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதம், இடுப்பு முறிவு 41 சதவீதம் குறைந்தது. ஆறு மாத ஊசியான டெனோசுமாப் 2009-இல் காட்டிய எண்கள் 68, 40. தனித்தனி ஆய்வு, தனித்தனி நோயாளிகள். ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் மூன்றுமே வேலை செய்கிற மருந்துகள் என்பதில் சந்தேகம் இல்லை.

எங்களுக்கு முதலில் வந்தது மாத்திரை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மற்ற மருந்துகளோடு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மேலே "வாரம் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து, பால் ஊற்றிய டீயில் அதை விழுங்கிக்கொண்டிருந்தார். ஐந்து மாதம். எங்கள் குடும்ப டாக்டர் தற்செயலாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு சாப்பிட்டாலே இந்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. டீயோ பாலோ கால்சியம் மாத்திரையோ கூடச் சேர்ந்தால் அதுவும் போச்சு. அந்த ஐந்து மாதமும் வீண் என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் முறைப்படி கொடுத்தோம். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதையும் குடிக்கவும் கூடாது. விளக்கேற்றிவிட்டு டீ குடிக்காமல் அத்தைக்குக் காலையே விடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் வாரம் நெஞ்செரிச்சல் வந்தது. ஏற்கெனவே புளித்த ஏப்பம் உள்ளவர். மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும் என்பதால் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வயிறு நன்றாக இருந்து, நிமிர்ந்து உட்கார முடிந்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரை நல்ல மருந்துதான். பல கம்பெனிகள் தயாரிப்பதால் செலவும் குறைவு.

மிச்சம் ஊசியும் டிரிப்ஸும். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான். ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்?

நம் எலும்பை ஒருவகைச் செல்கள் அரித்துக்கொண்டே இருக்கின்றன, இன்னொரு வகை கட்டிக்கொண்டே இருக்கின்றன. வயதான பெண்களுக்கு அரிப்பது மிஞ்சிவிடுகிறது. சோலெட்ரோனிக் அமிலமும் மாத்திரையும் ஒரே குடும்பம். எலும்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அரிக்க வரும் செல் எலும்போடு சேர்த்து மருந்தையும் விழுங்கிச் செயலிழந்துபோகும். ஒட்டிய மருந்து வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். டெனோசுமாப் அப்படி ஒட்டாது. அரிக்கும் செல்கள் முதிர்ச்சியடையத் தேவையான ஒரு புரதத்தை அது இரத்தத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடி இருக்கும்வரை அருமையாக வேலை செய்யும். பத்து வருஷம் போட்டவர்களுக்கும் எலும்பின் அடர்த்தி கூடிக்கொண்டே போயிருக்கிறது. டிரிப்ஸில் ஒரு கட்டத்துக்கு மேல் அப்படிக் கூடுவதில்லை. ஆனால் ஆறு மாதம் கழிந்து பிடி விட்டதும் காத்திருந்த செல்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. சேர்த்த அடர்த்தி ஒன்றிரண்டு வருஷத்தில் கரைந்துவிடும். சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றல்ல, பல முறிவுகள் வரிசையாக வந்திருக்கின்றன. கொரோனா காலத்தில் எலும்பு மருத்துவச் சங்கங்கள் இதற்காகவே தனியாக அறிவுறுத்தின. முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள், முடியாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றுங்கள் என்றார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு 2021 ஜூலைதான் நினைவுக்கு வந்தது. கலவரத்தில் கடைகள் எரிந்து, எங்கள் கெமிஸ்ட் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றோம். அடுத்த வருஷம் ஏப்ரல் வெள்ளம். சாலை அறுந்து, குழாயில் தண்ணீர் நின்று, டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தோம். ஊசியை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். லோட்ஷெடிங் மின்வெட்டில் எங்கள் ஃப்ரிட்ஜில் தயிரே புளித்துப்போன நாட்கள் உண்டு. இவ்வளவும் பார்த்த ஊரில், தேதி தவறினால் முதுகெலும்பையே கேட்கிற மருந்தை அத்தைக்கு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. இனி வேண்டாம் என்று ஒருநாள் நிறுத்துவதானாலும் சும்மா நிறுத்த முடியாது. பின்னாலேயே மாத்திரையோ டிரிப்ஸோ கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கடைசியில் டிரிப்ஸுக்குத்தான் வரப்போகிறோம் என்றால் அதிலேயே தொடங்கலாமே என்று மாமா கேட்டார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

டிரிப்ஸ் நேரம் கால் மணிதான். 5 மில்லிகிராம் மருந்து, கையில் ஒரு ஊசி. "ஆன்ட்டி, தண்ணி நிறையக் குடிங்க" என்று நர்ஸ் இரண்டு டம்ளர் குடிக்க வைத்தார். அதற்கு முன் மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் குறையவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். பல்லைப் பிடுங்குகிற வேலை இருந்தால் முன்னாடியே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இந்தத் தாடைப் பிரச்சினை ஊசிக்கும் உண்டு.

முதல் டிரிப்ஸ் ஏற்றிய மறுநாள் ராத்திரி அத்தைக்கு 38.6 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். முழங்கால், தோள், தாடைகூட வலிக்கிறது என்றார். பயந்துவிட்டோம். முதல் தடவை ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி வருமாம். பனடோல் கொடுத்து, ரசம் சோறு ஊட்டி, மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். இந்த வருஷம் இரண்டாவது தடவை ஒன்றுமே வரவில்லை. சாயங்காலமே கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டார்.

டிரிப்ஸுக்கு இன்னொரு பலம். இடுப்பு உடைந்தவர்களையே வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து 90 நாளுக்குள் ஏற்றியவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. அத்தைக்கு நாங்கள் ஏற்றியபோது பத்து மாதம் ஓடிவிட்டது. அதனால் அந்தப் பலன் அவருக்கும் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். இடுப்பு உடைந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் நீங்கள் அந்த 90 நாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசியை நான் பக்கத்திலிருந்து பார்த்தது குறைவு. அடுத்த தெரு அக்கா ஒருவருக்கு நான்கு வருஷமாகப் போடுகிறார்கள், நன்றாக நடமாடுகிறார். சிறுநீரகம் பலவீனம் என்பதால் அவருக்கு டிரிப்ஸ் கொடுக்க முடியாது. அவர் மகள் ஒரு தவணையும் விட்டதில்லை. அந்த வீட்டுக்கு ஊசிதான் சரி. ஏற்கெனவே ஊசியில் இருப்பவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து.

செலவில் ஒன்று சொல்ல வேண்டும். மெடிக்கல் எய்ட் (இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டிய 26 நாள்பட்ட நோய்களின் பட்டியலில் எலும்புப்புரை இல்லை. திட்டத்துக்குத் திட்டம் மாறும். முன் அனுமதிக் கடிதம் வாங்காமல் டிரிப்ஸுக்கு நாள் குறிக்க வேண்டாம்.

அத்தையின் புது ஸ்கேனில் இடுப்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.9. இவ்வளவு சின்ன வித்தியாசம் மெஷினின் பிழையாகவும் இருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். மூன்றாவது டிரிப்ஸுக்குப் பிறகு இடைவெளி விடலாமா என்று அப்போது பார்க்கலாம் என்றிருக்கிறார். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அபூர்வமாகத் தொடையெலும்பு நடுவில் முறியும் என்பதால் தொடையிலோ கவட்டையிலோ புது வலி வந்தால் உடனே சொல்லச் சொன்னார். அடுத்த தேதியை மாமா அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாதம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்று அதன் கீழேயே குறித்திருக்கிறார்.