வீட்டிலிருந்தே கணிதம்: பீஸ்ட் அகாடமியும் ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங்கும், ஒரு சென்னைப் பெற்றோரின் மதிப்பீடு

ஜூன் மாதம் கையில் கிடைத்த கணிதப் பாடநூலை ஆடி முடிவதற்குள் தானாகவே முடித்துவிட்டு, மீதி மாதங்களை வகுப்பில் சும்மா உட்கார்ந்து கழிக்கும் குழந்தைக்கு வீட்டில் என்ன தருவது? சென்னையில் இதற்கு விடையாக விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைப்படும். அபாகஸ், வேதக் கணிதம் போன்ற வேகக் கணக்கு வகுப்புகள் ஒரு வகை. ஆறாம் வகுப்பிலேயே ஜேஇஇ தேர்வைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஃபவுண்டேஷன் வகுப்புகள் மற்றொரு வகை. முதல் வகை குழந்தையை விரைவாகக் கணக்கிடப் பழக்குகிறது. இரண்டாவது வகை ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஏழாம் வகுப்பில் நடத்துகிறது. பார்த்தவுடன் விடை தெரியாத ஒரு கணக்கை அரை மணி நேரம் மனத்தில் போட்டுப் புரட்டும் பழக்கத்தை இரண்டுமே தருவதில்லை. மீத்திறன் உள்ள குழந்தைக்கு அடுத்த வகுப்பின் எளிய கணக்கைவிட இந்த வகுப்பின் கடினமான கணக்கே பயன்படும் என்பது என் கருத்து. இணையவழிப் பாடத்திட்டங்களையும் அந்த அளவுகோலைக் கொண்டே பார்த்தேன்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ருஸ்சிக் தொடங்கிய ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் நிறுவனத்தின் இணையதளம் 2003 முதல் இயங்கி வருகிறது. கணிதப் போட்டிகளில் ஈடுபடும் பெரிய மாணவர்களுக்காக எழுதத் தொடங்கியவர்கள், பின்னர் தொடக்கப் பள்ளி வயதினருக்காகப் பீஸ்ட் அகாடமி என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிலையும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் காமிக்ஸ் வடிவில் ஒரு வழிகாட்டி நூலும் தனியே ஒரு பயிற்சி நூலும் வருகின்றன. பள்ளியில் படிக்கும் குட்டிப் பூதங்கள்தான் கதைமாந்தர்கள். அவை ஒன்றோடொன்று வாதாடித் தவறாகச் சொல்லித் திருத்திக்கொள்ளும் போக்கிலேயே பாடம் நகர்கிறது. இதே பாடத்தைச் சந்தா கட்டி இணையத்திலும் படிக்கலாம்.

இந்த வரிசையின் தரத்தை அறிய மூன்றாம் நிலையின் இரண்டாம் பகுதியைப் பார்த்தால் போதும். பெருக்கலுக்கு அடுத்து வர்க்க எண்கள், அதற்கடுத்துப் பங்கீட்டுப் பண்பு (ஒரு கூட்டுத்தொகையைப் பெருக்குவதைப் பிரித்துத் தனித்தனியே பெருக்கிக் கூட்டும் விதி) என்று அத்தியாயங்கள் அமைந்திருக்கின்றன. முப்பதின் வர்க்கம் 900 என்று தெரிந்த குழந்தை, 31-இன் வர்க்கத்தைப் பெருக்கிப் பார்க்காமலே காண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்கு முப்பது கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தின் ஓரத்தில் 30 கட்டங்களை ஒரு வரிசையாகவும், அடுத்த பக்கத்தில் 31 கட்டங்களை இன்னொரு வரிசையாகவும் சேர்த்தால் பெரிய சதுரம் கிடைத்துவிடும். ஆகவே விடை 961. அபாகஸ் படித்த குழந்தை இதே 961-ஐ இன்னும் விரைவாகச் சொல்லிவிடும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் எப்போதும் ஒற்றைப்படை எண்ணாகவே வருவது ஏன் என்று கேட்டால், படம் வரைந்து பார்த்த குழந்தைதான் பதில் சொல்லும். அதே நிலையின் மூன்றாம் பகுதியிலேயே எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் பயன்படுத்தும் மாறிகள் அறிமுகமாகிவிடுவதால், எட்டு வயதுக் குழந்தை அந்த வித்தியாசத்தைப் பொதுவாக எழுதிப் பார்க்கவும் முடிகிறது. பயிற்சி நூலில் நட்சத்திரக் குறியிட்ட கணக்குகள் உண்மையிலேயே கடினமானவை. கல்லூரியில் கணிதம் படித்த பெற்றோரும் பென்சிலை எடுக்காமல் அவற்றில் பலவற்றைச் செய்துவிட முடியாது. என் மகள் சில கணக்குகளை மறுநாள் வரை விட்டுவைத்தாள். விடையைப் பார்க்கட்டுமா என்று கேட்டதைவிட, பார்க்கக் கூடாது என்று என்னைத் தடுத்ததே அதிகம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. காமிக்ஸ் முழுவதும் ஆங்கிலச் சிலேடைகளும் நகைச்சுவையும் நிறைந்திருப்பதால், தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்குக் கணக்குக்கு முன்னால் மொழியே தடையாக நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அளவைகள் வரும் இடங்களில் அமெரிக்க முறையும் கலந்திருக்கிறது. இணைய வடிவம் விடையை உடனே திருத்திச் சொல்வது வசதிதான், ஆனால் குழந்தை விடைப்பெட்டியில் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இணைய வடிவத்தை எடுப்பவர்கள் தனியாக ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, வழிமுறையை அதில் எழுதச் சொல்வது அவசியம். செலவு தாங்குமானால் அச்சு நூலையே பரிந்துரைப்பேன்.

ஐந்தாம் நிலையை முடித்தவர்களுக்கு அடுத்தது ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் வெளியிடும் ப்ரீஅல்ஜீப்ரா. நம்மூர்ப் பாடநூல்கள் முதலில் விதியைச் சொல்லி, பிறகு எடுத்துக்காட்டுக் கணக்கைச் செய்து காட்டி, கடைசியில் பயிற்சி தருகின்றன. இந்த நூல் அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது: ஒவ்வொரு பகுதியும் கணக்குகளோடு தொடங்குகிறது, குழந்தை அவற்றோடு முட்டி மோதிய பிறகே விளக்கம் வருகிறது. முதல் அத்தியாயமே எண்களின் அடிப்படைப் பண்புகளை வைத்துக்கொண்டு மற்ற விதிகளை வருவிக்கிறது. ‘மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்’ என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் குறை நான்கையும் (-4) கூட்டினால் பூச்சியம். பூச்சியத்தைக் குறை மூன்றால் பெருக்கினாலும் பூச்சியம்தான். பங்கீட்டுப் பண்பின்படி பிரித்தால், குறை மூன்றை நான்கால் பெருக்கியதில் குறை 12 வருகிறது. அதனோடு சேர்ந்து பூச்சியம் ஆக வேண்டுமானால், குறை மூன்றையும் குறை நான்கையும் பெருக்கிய மற்ற பகுதி மிகை 12 ஆகத்தான் இருந்தாக வேண்டும். இப்படி வந்த விதி மறந்துபோனாலும் குழந்தையால் அதைத் திரும்ப வரவழைத்துக்கொள்ள முடியும். பள்ளித் தேர்வில் இதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நூலை மட்டும் வாங்குவதா, நேரடி இணைய வகுப்பில் சேர்ப்பதா என்பது அடுத்த கேள்வி. இவர்களுடைய இணைய வகுப்பு நாம் பழகிய ஜூம் வகுப்பைப் போன்றது அன்று. முகமும் குரலும் இல்லை. ஆசிரியர் கேள்விகளைத் திரையில் எழுத்தாக இடுகிறார், மாணவர்கள் விடையைத் தட்டச்சு செய்கிறார்கள், அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் ஆசிரியர் எல்லோருக்கும் காட்டுகிறார். ஆங்கிலத்தை வேகமாக வாசிக்கவும் தட்டச்சு செய்யவும் தெரிந்த, கூட்டத்தில் வாய் திறக்கக் கூசும் குழந்தைக்கு இது அருமையாகப் பொருந்தும். பேசிப் பேசியே யோசிக்கும் குழந்தைக்குச் சலிப்பூட்டும். வகுப்பைவிட மதிப்புள்ளது வீட்டுப்பாடம்தான். வாரந்தோறும் தரப்படும் கணக்குகளில் சிலவற்றுக்கு முழு வாக்கியங்களில் நிரூபணம் எழுதி அனுப்பினால், ஒருவர் அதைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறார். நம் பள்ளிகளிலோ டியூஷன்களிலோ ஏழாம் வகுப்பு மாணவருக்கு இது அநேகமாகக் கிடைக்காத ஒன்று.

இலவசமாகக் கிடைப்பவற்றையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இதே நிறுவனத்தின் ஆல்குமஸ் என்ற கணக்குத் தொகுப்பு, குழந்தை சரியாகச் செய்யச் செய்யக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. கணக்குக்குக் கணக்கு முழுத் தீர்வும் காட்டுகிறது. காசே செலவழிக்க முடியாதவர்கள் ஆல்குமஸையும், யூடியூபில் ருஸ்சிக் நடத்தும் பாடங்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பாதிக் கிணறு தாண்டியதாகவே கொள்ளலாம். கான் அகாடமியும் இலவசம், என்சிஇஆர்டி பாடத்திட்டத்துக்கு ஏற்றபடியும் கிடைக்கிறது. ஆயினும் விட்டுப்போன பாடத்தை நிரப்புவதற்கே அது சிறந்தது. மீத்திறன் குழந்தை அதன் பயிற்சிகளை வரிசையாகச் சரி செய்துகொண்டே போய்ப் பத்து வயதில் பத்தாம் வகுப்பை எட்டிவிடும், ஒரு கணக்கிலும் திணறியிருக்காது. பிரில்லியன்ட் என்ற இணையவழிக் கற்றல் தளம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆர்வத்தைத் தூண்டும், பாடத்திட்டமாகக் கொள்ள முடியாது.

இவையெல்லாம் அமெரிக்கக் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை, இங்கே எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியக் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐஓக்யூஎம் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 30 கணக்குகள். அடுத்தடுத்த கட்டங்களில் முழு நிரூபணம் எழுத வேண்டும். எண்ணியல், வடிவியல், இயற்கணிதம், சேர்வியல் (எத்தனை வகைகளில் அமைக்கலாம் என்று எண்ணும் கணிதம்) ஆகியவற்றைச் சுற்றியே கேள்விகள் அமைகின்றன. நுண்கணிதம் (கால்குலஸ்) பாடத்திட்டத்திலேயே இல்லை. எட்டாம் வகுப்புக்குள் நுண்கணிதம் வரை ஓட்டிச் செல்லும் வகுப்புகளால் இந்தத் தேர்வுக்கு ஆகக்கூடியது மிகக் குறைவு. எண்ணியலுக்கும் எண்ணுதல் முறைகளுக்கும் ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் வெளியிட்டுள்ள தனித்தனி அறிமுக நூல்கள் நேரடியாகக் கைகொடுக்கின்றன. அதற்கு முன்பே குழந்தையைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், 1965-இல் தொடங்கி இன்றும் சென்னையிலிருந்து இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறனறிப் போட்டி இருக்கிறது. ஐந்து, ஆறாம் வகுப்பினருக்குக் கணித மேதை காஸ் பெயரிலும், ஏழு, எட்டாம் வகுப்பினருக்கு இந்தியக் கணிதவியலர் கப்ரேகர் பெயரிலும் தனித் தேர்வுகள் உண்டு. பீஸ்ட் அகாடமியின் நட்சத்திரக் கணக்குகளில் பழகிய குழந்தைக்கு அந்தக் கேள்வித்தாள் அந்நியமாகத் தோன்றாது.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. ‘தயாரா?’ என்று பார்க்கும் தேர்வும், ‘இது தேவையா?’ என்று பார்க்கும் தேர்வும் ஒவ்வொரு பாடத்துக்கும் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைப் பார்க்காமல் அந்தத் தேர்வு சொல்லும் நிலையிலிருந்தே தொடங்குங்கள், அது ஒரு வகுப்பு கீழே இருந்தாலும் சரி. கட்டணம் டாலரில் இருப்பதால், வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைக்க வேண்டும். நாணய மாற்றுக் கட்டணம் தனி. அச்சு நூல்களை அங்கிருந்து தருவித்தால் அஞ்சல் செலவும் கணிசம். ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் நான்கு நூல்களுக்கு இடம் கேட்டுப் பெறுவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. நேரடி வகுப்பு எடுப்பவர்கள் நேரத்தைச் சரிபார்க்க மறக்க வேண்டாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரை மணி வகுப்பு என்றால் கோடையில் நமக்கு விடியற்காலை ஐந்து. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது ஆறு மணியாகிவிடும். ஏழு மணிக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில் ஐந்து மணி வகுப்பே வசதி.